வடபுலமும் சீனமும்: பல்கலைக்கழகங்களின் கொடுக்கல் வாங்கல்

கல்வியின் பொருட்டு நாடு விட்டு நாடு செல்வது மனித குலத்தின் பழைய வழக்கம். ஆனால், ஒரு நாட்டுப் பல்கலைக்கழகம் பிறிதொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு உடன்படிக்கை செய்து, மாணவரையும் ஆசிரியரையும் முறையாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அவ்வளவு பழையதன்று. முன்னையது தனி மனிதரின் துணிவால் நடைபெற்றது. பின்னையது இரு நிறுவனங்களின் நம்பிக்கையால் நடைபெறுவது. அந்நம்பிக்கை எவ்வாறு பிறக்கின்றது, எவ்விடத்தில் தளர்கின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு, ஐரோப்பாவின் வடகோடி நாடுகளுக்கும் சீனாவுக்கும் இடையே வளர்ந்த கல்வித் தொடர்பு நல்லதோர் எடுத்துக்காட்டு.

டென்மார்க், சுவீடன், நோர்வே, பின்லாந்து, ஐசுலாந்து ஆகிய ஐந்தும் வடபுல நாடுகள் எனப்படும். இவ்வைந்தின் மக்களையும் ஒருங்கே கூட்டினாலும் தொகை 3 கோடியை எட்டாது. சீனாவின் மக்கட்டொகையோ ஏறக்குறைய 140 கோடி. ஷாங்காய் என்னும் ஒரு நகரத்தில் மட்டும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி மக்கள் வாழ்கின்றனர். இவ்வளவு சிறியதும் இவ்வளவு பெரியதும் சமநிலையில் நின்று கொடுத்து வாங்குதல் கூடுமா? கூடும் என்பதற்கு வரலாறு ஒரு சான்று தருகின்றது.

சுவீடன் நாட்டுப் பயண ஆராய்ச்சியாளர் ஸ்வென் ஹெடின் 1927ஆம் ஆண்டில் சீனாவின் வடமேற்குப் பாலைநிலங்களை ஆராயப் பெரியதொரு குழுவுடன் புறப்பட ஆயத்தமானார். அதற்கு முன்னர் மேனாட்டார் பலர் அப்பகுதிக்குச் சென்று, பழஞ்சுவடிகளையும் சிற்பங்களையும் ஓவியங்களையும் வண்டி வண்டியாகத் தம் நாடுகளுக்கு ஏற்றிச் சென்றிருந்தனர். ஆகவே பீக்கிங் நகரத்து அறிஞர்கள் இம்முறை வாளாவிருக்கவில்லை. கல்விச் சங்கங்கள் ஒன்றுகூடி எதிர்ப்புத் தெரிவித்தன. ஹெடின் அவர்களோடு அமர்ந்து பேசினார். 1927 ஏப்ரில் 26ஆம் திகதி, 19 பிரிவுகளைக் கொண்ட உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. ஆராய்ச்சிக் குழுவுக்குச் சுவீடன் நாட்டவர் ஒருவரும் சீனர் ஒருவரும் தலைவராயிருப்பர். சீன அறிஞரும் மாணவரும் குழுவில் இடம் பெறுவர். கண்டெடுக்கப்படும் தொல்பொருள்கள் சீனாவுக்கே உரியன: இவையே அதன் சாரம். சீனத் தலைவராகப் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் சூ பிங்சாங் பொறுப்பேற்றார்.

1935 வரை நீடித்த அவ்வாராய்ச்சியின் பயன் பெரிது. சுவீடன் நாட்டுத் தொல்பொருளறிஞர் போல்க்கே பேர்க்மன் 1930இல் ஜூயென் என்னுமிடத்தில் ஹான் வமிச காலத்து எழுத்துக்கள் பொறித்த மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். அவை ஏறக்குறைய 10,000. அக்காலத்து எல்லைக் காவற்படையின் அன்றாட வாழ்க்கையை அவற்றால் அறிஞர் அறிந்தனர். உடன்படிக்கையின்படி அவை பீக்கிங் நகரை அடைந்தன. பின்னர் யுத்தம் வந்தது. அச்சீவல்கள் ஹொங்கொங் சென்று, கடல் கடந்து அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்டு, 1965இல் தாய்வானை வந்தடைந்தன. எங்கிருந்தபோதும் அவை சீனரின் உடைமையாகவே கருதப்பட்டன. குழுவில் வானிலை மாணவராகச் சென்ற லி சியான்சி பிற்காலத்தில் சீனாவின் முன்னணி வானிலை விஞ்ஞானிகளுள் ஒருவரானார். ஒரு சிறு நாட்டின் ஆராய்ச்சியாளரும் ஒரு பெருநாட்டின் அறிஞரும் உரிமையை வரையறுத்து எழுதிக்கொண்டமையால், இருவரும் நன்மை பெற்றனர்.

இதே காலத்தில் மொழித்துறையிலும் ஒரு பாலம் அமைந்தது. சுவீடன் நாட்டுப் பேர்ன்ஹார்ட் கார்ல்கிரென் 1910இல் இளைஞராகச் சீனா சென்று, அங்குள்ள பல பேச்சு வழக்குகளை ஆராய்ந்தார். அவற்றை ஒப்பிட்டுப் பழஞ்சீன மொழியின் ஒலிகளை மீட்டறிய முயன்ற அவரது பெருநூல் பிரெஞ்சு மொழியில் 1915 தொடக்கம் 1926 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. சாவ் யுவான்ரென் முதலிய சீன மொழியியலறிஞர் மூவர் அதனைச் சீன மொழிக்குப் பெயர்த்துத் திருத்தங்களோடு 1940இல் வெளியிட்டனர். சீனாவில் திரட்டிய செல்வம் சுவீடனில் நூலாகி, மீண்டும் சீனாவிலே திருத்தம் பெற்றது. கல்விப் பரிமாற்றம் என்பதன் உண்மைப் பொருள் இதுவேயாகும்.

1949இல் சீன மக்கள் குடியரசு நிறுவப்பட்டபின், மேலைநாடுகளுள் அதனோடு முதன்முதல் இராஜதந்திர உறவு கொண்ட நாடு சுவீடன். அது நிகழ்ந்தது 1950 மே 9ஆம் திகதி. இரண்டு நாட்களின் பின் டென்மார்க்கும், அவ்வாண்டு அக்டோபரில் பின்லாந்தும், 1954இல் நோர்வேயும், 1971இல் ஐசுலாந்தும் அவ்வழியே சென்றன. ஆயினும் கல்வியுறவு உடனே தழைக்கவில்லை. 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சி சீனப் பல்கலைக்கழகங்களின் கதவுகளை அடைத்தது. பொதுப் புகுமுகப் பரீட்சை 1977இல் மீண்டும் தொடங்கப்பெற்ற பின்னரே, பரிமாற்றத்துக்கு ஏற்ற நிலை உருவாயிற்று.

இனி, இத்தகைய பரிமாற்றம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றது என்பதை நோக்கலாம். இரு பல்கலைக்கழகங்கள் உடன்படிக்கை செய்து, ஆண்டுதோறும் இத்தனை மாணவர் செல்வது, இத்தனை மாணவர் வருவது எனத் தொகையை நிருணயிக்கின்றன. மாணவர் தத்தம் சொந்தப் பல்கலைக்கழகத்தின் விதிப்படியே கட்டணம் செலுத்துவர். விருந்தளிக்கும் பல்கலைக்கழகம் அவரிடம் கட்டணம் பெறாது. கற்ற பாடங்கள் தாய்க் கலாசாலையின் பட்டத்துக்குக் கணக்கிடப்படும். எடுத்துக்கூறுவதற்கு எளிதான இவ்வேற்பாட்டிலே மூன்று முடிச்சுக்கள் உள்ளன.

முதலாவது முடிச்சு, தொகைச் சமநிலை. வடபுல நாடுகளிற் பலவற்றில் ஒரு காலத்தில் வெளிநாட்டு மாணவரும் கட்டணமின்றியே கற்றனர். ஐரோப்பாவுக்கு அப்பாலிருந்து வரும் மாணவர்மீது டென்மார்க் 2006இலும், சுவீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நோர்வே 2023இலும் கட்டணம் விதித்தன. இதனால், கட்டணம் இல்லாத பரிமாற்ற இடம் சீன மாணவருக்கு முன்னையிலும் மதிப்புடையதாயிற்று. ஆனால், அவ்விடங்களின் தொகை எதனைப் பொறுத்தது? சீனா செல்ல முன்வரும் வடபுல மாணவரின் தொகையையே பொறுத்தது. அங்கிருந்து புறப்படுவோர் குறைந்தால், இங்கிருந்து செல்வோர்க்கும் இடம் குறையும்.

இரண்டாவது முடிச்சு மொழி. சீன எழுத்துக்களைக் கற்க ஆண்டுகள் பல வேண்டும். ஆகவே சீனப் பல்கலைக்கழகங்கள் ஆங்கில மூலம் கற்பிக்கும் பாடங்களை ஏற்படுத்தின. இது வாயிலைத் திறந்ததாயினும், வந்த மாணவன் சீன மாணவரோடு கலவாமல், வெளிநாட்டார் வகுப்பிலேயே காலத்தைக் கழித்துத் திரும்பும் நிலைமையும் இதனால் நேர்வதுண்டு.

மூன்றாவது முடிச்சு காலக்கணக்கு. சீனாவில் இளவேனிற் பருவத் தவணை, சந்திர மாதப் புத்தாண்டை அனுசரித்து ஆண்டுக்காண்டு முன்பின்னாகத் தொடங்கும். வடபுல நாடுகளில் அது பெரும்பாலும் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். ஐரோப்பிய முறைப்படி ஓராண்டுப் படிப்பு 60 புள்ளிகள் பெறும். சீனப் புள்ளிமுறை வேறு. இவற்றை ஒத்திசைவிக்கும் அலுவலரின் உழைப்பு வெளியிற் தெரியாதது. ஆயினும், அவ்வுழைப்பின்றேல் உடன்படிக்கை வெறுங் கடதாசியாகவே எஞ்சும்.

இம்முடிச்சுக்களை அவிழ்க்கும் பொருட்டு இருவகை முயற்சிகள் நடைபெற்றன. ஷாங்காயிலுள்ள பூடான் பல்கலைக்கழகத்தில் 1995ஆம் ஆண்டு வடபுல நிலையம் நிறுவப்பட்டது. தனித்தனியே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சீனாவில் அலுவலகம் வைத்தல் பெருஞ்செலவாதலின், வடபுலப் பல்கலைக்கழகங்கள் பல ஒன்றுகூடி ஒரே கூரையின்கீழ் இடம் அமைத்துக்கொண்டன. குறுகிய காலப் பாடநெறிகளும் கருத்தரங்குகளும் அங்கு நடைபெற்றன. நெடுங்காலம் தங்கத் தயங்கும் மாணவனும் சில கிழமைகள் சென்று சீனாவை நேரிற் காண இது வழி செய்தது.

மற்றொன்று டென்மார்க்கின் முயற்சி. 2010இல் அந்நாட்டின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் சீன விஞ்ஞானக் கழகத்தின் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கூட்டு நிலையத்தை நிறுவின. பெய்ஜிங் நகருக்கு வடக்கே ஹுவாய்ரோ பகுதியில் 2017இல் அதற்கென ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. நீரும் சுற்றாடலும், உயிரியல், பொது நிருவாகம் முதலிய துறைகளிலே டேனிய மாணவரும் சீன மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து முதுமாணிப் படிப்புப் பயின்றனர். தேறியோர்க்கு இரு நாட்டுப் பட்டங்களும் கிடைத்தன. இங்கே சமநிலை பயணிகளின் தொகையில் அன்று, வகுப்பறையிலேயே அமைந்தது. டேனியப் பேராசிரியர் கேள்வி கேட்டு விவாதிக்கும்படி தூண்டுவார். சீன மாணவர் ஆழ்ந்த அடிப்படைப் பயிற்சியோடு வருவர். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொண்டுவந்தனர்.

எனினும் பாலத்தின்மேற் புயலும் வீசியது. 2010இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு சீன எழுத்தாளர் லியூ சியாவ்போவுக்கு நோர்வேயில் அறிவிக்கப்பட்டது. பரிசளித்தது அரசாங்கமன்று, ஒரு சுயாதீனக் குழு. ஆயினும் சீனா நோர்வேயோடு அரசியலுறவை உறையவைத்தது; 2016 டிசம்பரிலேயே உறவு சீரடைந்தது. அவ்வாறு ஆண்டுகளிலும் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான தொடர்பு மெலிந்ததேயன்றி முற்றாக அறுந்துபோகவில்லை. ஆசிரியர்களின் தனிப்பட்ட நட்பே அதனைத் தாங்கியது.

ஐயங்கள் மறுபக்கத்திலும் எழுந்தன. 2005இல் ஐரோப்பாவின் முதலாவது கன்பூசியஸ் நிலையம் ஸ்ரொக்ஹோம் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. அது சீன அரசின் உதவியோடு மொழி கற்பிப்பது. பல்கலைக்கழகத்தின் உள்ளேயே பிறநாட்டு அரசின் கை இருக்கலாமா என்னும் வினா எழ, ஏறக்குறைய பத்தாண்டுகளின் பின் அவ்வுடன்படிக்கை புதுப்பிக்கப்படாது விடப்பட்டது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் 2023இல் அவ்வாறே செய்தது. அவ்வாண்டில் சீன அரசின் புலமைப்பரிசில் பெற்ற ஆராய்ச்சி மாணவரின் ஒப்பந்தங்கள் பற்றிச் சுவீடனில் பெரும் விவாதம் நிகழ்ந்தது. மாணவர் படிப்பு முடிந்தபின் நாடு திரும்ப வேண்டும் என்பதோடு, உறவினர் பிணை நிற்கவும் வேண்டியிருந்தது. சுவீடன் பல்கலைக்கழகங்கள் சில அத்தகைய மாணவரை ஏற்பதை நிறுத்தின. இங்கே உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒப்பந்தத்தை வகுத்தது அரசு. கதவை அடைத்தது பல்கலைக்கழகம். இடையிலே வழியற்று நின்றவன் மாணவன்.

2020இல் வந்த கொள்ளைநோயும் எல்லைகளை மூடியது. சீனா வெளிநாட்டு மாணவருக்கு மீண்டும் அனுமதி அளிக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். அவ்வாண்டிலேயே டென்மார்க்கும் பின்லாந்தும், 2023இல் நோர்வேயும் பிறநாடுகளோடு ஆராய்ச்சிக் கூட்டுறவு கொள்வது பற்றிய வழிகாட்டுரைகளை வெளியிட்டன. எத்துறையிற் கூடி உழைக்கலாம், எத்துறையில் விழிப்பு வேண்டும், கண்டறிந்ததன் உரிமை யாருக்கு, கருத்துச் சுதந்திரத்துக்கு என்ன காப்பு என்பவற்றை முன்கூட்டியே ஆராயுமாறு அவை கூறின.

இவ்வினாக்கள் புதியனவாகத் தோன்றலாம். ஆனால், 1927இல் பீக்கிங் அறிஞர் ஹெடினை நோக்கிக் கேட்டவையும் இவற்றின் இனத்தைச் சேர்ந்தவையே. அன்று ஐயுற்றவர் சீனர்; பிற்காலத்தில் ஐயுற்றவர் வடபுலத்தார். ஐயம் எழுந்தபோது அன்றைய இரு சாராரும் கதவை அடைக்கவில்லை. அமர்ந்து பேசி, ஐயத்தையே 19 பிரிவுகளாக எழுதிக்கொண்டனர். ஐயமற்ற நட்பைக் காத்திருப்பதிலும், ஐயத்தை வெளிப்படையாகப் பேசி நிபந்தனைகளாக்கிக்கொள்வது கல்விக்கு உகந்தது. தெளிவான உடன்படிக்கை, சமமான பொறுப்பு, பாதிக்கப்படக்கூடிய மாணவனுக்குப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அமையுமாயின், நாடுகளின் பெருமை சிறுமை இவ்வுறவுக்குத் தடையாகமாட்டா.