வீட்டுக்கு வெளியே மடிகணினியை இணையத்துடன் இணைத்தல்

மாணவர்களே, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து விடுதியொன்றில் தங்கியிருக்கும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். இணையவழியில் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு அன்றே இறுதி நாள். மடிகணினியின் திரையில் வைபை அடையாளம் முழுமையாகத் தெரிகின்றது. ஆயினும் ஒரு பக்கமேனும் திறக்கவில்லை. அவள் என்ன செய்ய வேண்டும்?

வைபை அடையாளம் காட்டுவது, மடிகணினிக்கும் அருகிலுள்ள அணுகற் புள்ளிக்கும் இடையிலான வானொலித் தொடுப்பை மட்டுமே. அப்புள்ளிக்கு அப்பால் இணையம் உண்டா என்பதை அதன் கோடுகள் கூறுவதில்லை. பரீட்சையில் பலர் புள்ளிகளை இழப்பதும் இந்த வேறுபாட்டை அறியாமையினாலேயே.

தொடுப்பு ஏற்பட்டதும் மடிகணினி தனக்கு ஓர் ஐபி முகவரியைக் கேட்கும். அதனை வழங்கும் முறை டி.எச்.சி.பி. எனப்படும். வீட்டில் வழிப்படுத்தி இவ்வேலையைச் சத்தமின்றிச் செய்துவிடுவதால் நாம் அதனைக் கவனிப்பதில்லை. வெளியிடத்தில் வலையமைப்பின் இயல்புகளைத் திறந்து முகவரியைப் பாருங்கள். அது 169.254 என ஆரம்பித்தால், கேட்ட முகவரி கிடைக்கவில்லை என்பதும், கணினி தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பதும் பொருள். அந்நிலையில் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டும். அதுவும் பலிக்காவிடின் பிழை பெரும்பாலும் விடுதியின் பக்கத்திலேயே உள்ளது.

முகவரி சரியாக இருந்தும் பக்கம் திறக்காவிட்டால், விடுதியின் நுழைவுப் பக்கம் தடுத்து நிற்கக்கூடும். அறை இலக்கத்தையோ கடவுச்சொல்லையோ கேட்கும் பக்கம் இதுவாகும். நீங்கள் கேட்ட தளத்துக்குப் பதிலாக இந்தப் பக்கத்தை அனுப்புவதே அதன் செயற்பாடு. ஆனால் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்கும் தளம் தனது சான்றிதழைக் காட்ட வேண்டும். இடையில் வரும் விடுதிப் பக்கத்திடம் அச்சான்றிதழ் இல்லை. ஆகவே மேலோடி எச்சரிக்கை காட்டும், அல்லது வெறுமையாக நிற்கும். அந்த எச்சரிக்கையைத் தட்டிவிட்டுத் தொடர வேண்டாம். மறைகுறியாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி பக்கம் ஒன்றின் முகவரியைத் தட்டச்சுச் செய்தால் நுழைவுப் பக்கம் தோன்றும். கணினியில் வி.பி.என். இயங்கினால், நுழைந்து முடியும்வரை அதனை நிறுத்தி வைக்கவும்.

இவை எதுவும் கைகொடுக்காவிடின் கையடக்கத் தொலைபேசி உண்டு. ஹொட்ஸ்பொட்டை இயக்கியதும் தொலைபேசியே ஒரு வழிப்படுத்தியாக மாறுகின்றது. ஒரு பக்கத்தில் கோபுரத்துடனும் மறு பக்கத்தில் மடிகணினியுடனும் அது தொடர்புகொள்கின்றது. ஐபோனின் ஹொட்ஸ்பொட்டில் இணைந்தால் உங்கள் முகவரி 172.20.10 என ஆரம்பிப்பதைக் காணலாம். யுஎஸ்பி வடத்தால் இணைத்தால் தொலைபேசியின் பற்றரியும் மின்னேறும். எனது எண்ணத்தில் மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இதுவே சிறந்த வழி. புளூடூத்தாலும் இணைக்கலாம், வேகம் குறைவு.

இங்கு கவனிக்க வேண்டியது தரவின் அளவு. 1 கிகாபைற்று என்பது 1024 × 8 = 8192 மெகாபிற்று. செக்கனுக்கு 5 மெகாபிற்று வேண்டும் காணொளி ஒன்றைப் பார்த்தால், 8192 ÷ 5 = ஏறத்தாழ 1638 செக்கன், அதாவது 27 நிமிடங்களில் அது முடிந்துவிடும். காணொளி பார்க்காதவரும் தப்புவதில்லை. வைபை கிடைத்ததென எண்ணி, மடிகணினி தன் இற்றைப்படுத்தல்களைப் பின்னணியில் இறக்கத் தொடங்கும். விண்ணப்பம் பாதியில் நிற்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அந்த இணைப்பை 'அளவிடப்படும் இணைப்பு' எனக் குறித்துவிட்டால் பெரும்பாலான இறக்கங்கள் காத்திருக்கும்.

பாதுகாப்பைப் பற்றியும் வினாக்கள் வரும். 2010 இல் பயர்ஷீப் என்னும் மேலோடி நீட்சி வெளியானது. கடவுச்சொல் இல்லாத வைபையில் அருகில் இருப்பவரின் பேஸ்புக் கணக்கினுள் யாரும் நுழையலாம் என்பதை அது காட்டியது. நுழையும்போது கடவுச்சொல் மறைக்கப்பட்டாலும், பின்னர் அனுப்பப்படும் குக்கி மறைக்கப்படாமையே அதற்குக் காரணம். பேஸ்புக் 2013 இல் எச்டிடிபிஎஸ் முறையை அனைவருக்கும் பொதுவாக்கியது. இன்று பெரும்பாலான தளங்கள் அவ்வாறே இயங்குகின்றன. எனவே பொது வைபை என்றாலே அபாயம் என எழுதுவது முழுமையான விடையாகாது. மறைகுறியாக்கம் உண்டா, முகவரி சரியானதா, சான்றிதழ் எச்சரிக்கை தோன்றியதா என்பவற்றைக் குறிப்பிட வேண்டும்.

மாதிரி வினா: விடுதி வைபையுடன் இணைந்த மடிகணினியின் முகவரி 192.168.1.37. எச்டிடிபிஎஸ் தளங்கள் திறக்கவில்லை. அதே வைபையில் இணைந்துள்ள தோழியின் கணினியில் அவை திறக்கின்றன. பிழை எக்கட்டத்தில் இருக்கக்கூடும்? காரணம் தருக.