அரசி நடந்த முக்கோணம்

பலகையில் நான்கே காய்கள் எஞ்சியுள்ளன. வெள்ளைக்கு அரசனும் அரசியும். கறுப்புக்கு அரசனும் யானையும். (யானையைக் கோட்டை என்பாரும் உளர்.) வெற்றி வெள்ளைக்கே என்பதை நேற்று ஆடக் கற்றவரும் சொல்லிவிடுவார். அதை எய்தும் வழி யாது என்று வினவினால் தேர்ந்தவரும் சற்றே தயங்குவர்.

இவ்விறுதியாட்டத்தின் உயிர்நிலையைப் பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளரும் சதுரங்க வல்லுநருமான பிலிடோர் 1777-இல் காட்டினார். வெள்ளையரசன் சி6, அரசி ஏ5. கறுப்பரசன் பி8, யானை பி7. நகரும் முறை இப்போது கறுப்புக்கு என்றால் அதன் கதை முடிந்தது. அரசன் சி8-க்கு ஒதுங்கினால், அரசி ஏ6-இல் நின்று யானையைப் பிணைத்துவிடும். யானையே பி1-க்கு ஓடினால், அரசி டி8, டி4, எச்8, எச்7 என அடுத்தடுத்து நான்கு முற்றுகைகள் இடும். நான்காவது முற்றுகையில் அரசனும் யானையும் ஒருசேரத் தாக்குண்டு யானை வீழும். இருந்த இடத்தில் இருந்திருந்தால் கறுப்பு பிழைத்திருக்கும். இருக்கத்தான் விதி இடந்தரவில்லை.

அதே நிலையில் முறை வெள்ளைக்கு என்றால்? இப்போது வெள்ளைக்குத் தேவை ஒன்றே: எதையும் கெடுக்காமல் முறையை எதிரியிடம் ஒப்படைப்பது. அரசி இ5-இல் முற்றுகையிடுகிறது. கறுப்பரசன் மூலைப்பக்கம் ஒதுங்குகிறான். அரசி ஏ1-இல் மீண்டும் முற்றுகையிட, அவன் பி8-க்கே திரும்புகிறான். அரசி ஏ5-க்கு மீள்கிறது. காய்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. முறை மட்டும் கைமாறிவிட்டது. ஒரு முக்கோணத்தை நடந்து முடித்து, ஒரேயொரு நகர்வை வேண்டுமென்றே இழந்ததுதான் அரசி செய்த வேலை. சதுரங்கத்தில் இதனினும் அழகான வேலையை நான் கண்டதில்லை.

ஆயினும், அந்நிலைக்கு எதிரியைக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு. அது எத்துணைக் கடிது என்பது 1970-களின் பிற்பகுதியில்தான் துலங்கிற்று. பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் இந்நான்கு காய்களும் நிற்கக்கூடிய நிலைகள் அனைத்தையும் கணிப்பொறியில் ஏற்றினார். 64-ஐ நான்கு முறை பெருக்கினால் 1,67,77,216. விதிக்கு ஒவ்வாதனவும் ஒன்றன் பிம்பமாய் அமைவனவும் கழிந்தாலும், எஞ்சுபவை மனித நினைவுக்கு அடங்கா. பொறி முன்னோக்கிச் சிந்திக்கவில்லை. ஆட்டம் முடிந்துபோன நிலைகளில் தொடங்கி, ஒரு நகர்வு முன்னர், இரு நகர்வு முன்னர் எனப் பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு நிலைக்கும் வெற்றித் தொலைவை எழுதிவைத்தது. மிகக் கடினமான நிலையிலும் 31 நகர்வுகளுக்குள் யானையைக் கவரலாம் அல்லது அரசனை வீழ்த்தலாம் என்பது அதன் விடை. காய் எதுவும் வெட்டுப்படாமல் 50 நகர்வுகள் கடந்தால் ஆட்டம் சமன் என்பது விதி. அவ்வகையில் 19 நகர்வுகள் மிச்சம். தாராளமான மிச்சம் என்றே தோன்றும்.

அமெரிக்க வாகையரான கிராண்ட்மாஸ்டர் வால்ட்டர் பிரவுனுக்கும் அவ்வாறே தோன்றிற்று. பந்தயம் கட்டி, தாம்சனின் பொறிக்கு எதிரே அரசியோடு அமர்ந்தார். யானை அரசனை ஒட்டியே நிற்கவேண்டும் என்பது நூல்வழி வந்த பாடம். விலகிய யானை இரட்டைத் தாக்குதலுக்கு இரையாகும். பொறியோ அஞ்சாமல் யானையை அரசனைவிட்டு விலக்கி நிறுத்தியது. எந்தக் கட்டத்தில் நின்றால் இரட்டைத் தாக்குதல் எட்டாது என்பதை அது எண்ணி முடித்திருந்தது. பிரவுனின் 50 நகர்வுகள் தீர்ந்தன; யானை வீழவில்லை.

அவர் திரும்பிப் போய் அவ்விறுதியாட்டத்தைப் புதிதாய்ப் பயின்றார். கறுப்பரசனை ஓரத்திற்குத் தள்ளும் வழியையும், அவசர முற்றுகையைத் தவிர்த்துத் தம் அரசனை ஒவ்வொரு கட்டமாய் முன்னேற்றும் வழியையும் கற்றுக்கொண்டு மீண்டும் அமர்ந்தார். இம்முறை யானை அவர் கைக்கு வந்தது, சரியாக ஐம்பதாவது நகர்வில்.