விமானத் தகட்டின் எண்ணும் அலகும்

வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த செட்டிபாளையத்தில் நின்று, வானிற் செல்லும் சிறு விமானத்தை அண்ணாந்து பார்த்தவர் நம்முட் பலர். ஆயின், அதனுள்ளே விமானியின் கண்ணெதிரே பொருத்தப்பட்டுள்ள சிறு அறிவிப்புத் தகடுகளைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. அவை அலங்காரத்திற்கு அமைந்தவையல்ல. மீறலாகாத எல்லைகளை விமானிக்கு உரைப்பவை. அவற்றைப் பிழைபடப் படிப்பின் விளைவது யாதென ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

சீனன்குடாவில் எம் நாட்டு விமானப்படை மாணவர் பறக்கப் பழகிய செஸ்னா 150 என்னும் ஈரிருக்கை விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1958 தொடக்கம் 1977 வரை இது உற்பத்தி செய்யப்பட்டது.

இதன் சிறகுகளின் பின்விளிம்பிலே 'பிளாப்' எனப்படும் மடிதகடுகள் உள. தரையிறங்குங்கால் அவற்றைத் தாழ்த்தினால், விமானம் குறைந்த வேகத்திலும் விழாது மிதக்கும். ஆனால், மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அவற்றைத் தாழ்த்தலாகாது என்பது பழைய செஸ்னா 150இன் விதி. வேகமானியில் உள்ள வெண்ணிற வளைவின் மேல்முனையும் இவ்வெல்லையையே காட்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதே இதற்குக் காரணம்.

1970களின் நடுப்பகுதிவரை இவ்விமானங்களில் வேகம் சாதாரண மைலிலேயே குறிக்கப்பட்டது; பின்னர் 'நொட்' எனப்படும் கடல் மைற்கணக்கு வந்தது. பழைய விமானமொன்றில் நொட் காட்டும் வேகமானியைப் பொருத்தி, தகட்டை மாற்றாது விட்டுவிட்டால் என்னாகும்? 100 நொட் என்பது 115 மைலாகும். பிளாப்பின் மீது தாக்கும் விசையோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிகுந்துவிடும்.

எரிபொருளின் நிலையும் இத்தகையதே. இவ்விமானத்தின் தாங்கிகள் 26 கலன் கொள்ளும். அதில் எந்நிலைப் பறப்பிலும் பயன்படுவது 22.5 கலனே. எஞ்சிய 3.5 கலன், விமானம் சாயும்பொழுது குழாய்வாய்க்கு எட்டாது ஒதுங்கி நிற்கக்கூடும். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பர். இங்கே சட்டியில் இருந்தும் அகப்பையில் வாராது.

அன்றியும், இவை அமெரிக்கக் கலன்கள். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், முன்னாளில் நாம் பள்ளியிற் பயின்ற பிரித்தானியக் கலனோ 4.546 லீற்றர். 22.5 என்பதைப் பிரித்தானியக் கலனெனக் கொள்வோர், உள்ளதிலும் 17 லீற்றர் மிகுதியாக இருப்பதாக நம்புவர். அஃது ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பறப்புக்குரிய எரிபொருளாகும். அந்த முக்கால் மணிநேரம் கணக்கில் மட்டுமே உண்டு, தாங்கியில் இல்லை.

இது வெறுங்கற்பனையன்று. 1983 யூலையில், கனடாவில் போயிங் 767 விமானமொன்றுக்குக் கிலோகிராமில் கணிக்கவேண்டிய எரிபொருளை இறாத்தற் கணக்கிற்குரிய எண்கொண்டு கணித்தனர். வேண்டியதிற் பாதியளவே நிரப்பப்பட்டமையால், நடுவானில் இயந்திரங்கள் இரண்டும் ஓய்ந்தன. விமானியர் அதனைக் கிம்லி என்னுமிடத்துப் பழைய விமானத்தளத்தில் மிதந்து வந்து இறக்கினர்; எவரும் உயிரிழக்கவில்லை. அவர்தம் திறமை அனைவரையும் காத்தது. ஆனால் அத்தகைய திறமை எஞ்ஞான்றும் வாய்க்குமென நம்புதல் தகாது.

பௌதிக விடைத்தாளில் அலகை எழுதாது விட்டமைக்காக ஆசிரியர் ஒரு புள்ளியைக் குறைத்தபோது நம்மிற் பலர் மனம் புழுங்கியதுண்டு. வானிலே அப்பிழைக்குக் குறைவது புள்ளியன்று. மாணவர்காள், எண்ணைப் படிக்குமுன் அலகைப் படியுங்கள்.