எதனோல் கலந்த பெற்றோலும் கமக்காரரின் இயந்திரங்களும்

ஊவா மாகாணத்தில் நெல்லும் மரக்கறியும் மட்டுமன்றிக் கரும்பும் விளைகின்றது. மொனராகலை மாவட்டத்திலுள்ள பெல்வத்த, செவனகல ஆலைகளிற் சீனி எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் எனும் கரிய பாகினைப் புளிக்கவைத்து வடித்து, எதனோல் எனும் மதுசாரம் ஆக்கப்படுகின்றது. இம்மதுசாரம் பெரும்பாலும் மதுபான உற்பத்திக்கே செல்கின்றது. ஆயினும், நன்கு எரியும் இயல்புடையதாதலால் அதனை வாகன எரிபொருளாகவும் கொள்ளலாம். பிரேசில் தேசம் 1975ஆம் ஆண்டில் இதற்கெனப் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. இந்தியா 2022இல் பெற்றோலுடன் நூற்றுக்குப் பத்துப் பங்கும், 2025இல் இருபது பங்கும் எதனோல் கலக்கும் நிலையை எய்தியது.

2022ஆம் ஆண்டு இலங்கையில் எரிபொருள் அரிதாகி, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் பங்கீடாக வழங்கப்பட்டன. வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் மரக்கறிச் செய்கையாளர் விளைபொருளைக் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்திற்குக் கொண்டுசெல்லவும், தோட்டத்திற்கு நீர் இறைக்கவும் பெரிதும் இடர்ப்பட்டனர். அத்தகைய காலத்தில், மதுசாரத்தைக் கலந்து ஓட்டினால் என்ன என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. எல்லா இயந்திரங்களும் இதனை ஏற்கமாட்டா. தம் இயந்திரம் ஏற்குமா என்பதை முன்னரே அறிந்துகொள்ளாதவர் ஒரு போகத்தின் வருவாயையே பழுதுபார்க்கும் செலவிற்கு இழக்க நேரிடும்.

எதனோலின் இயல்புகள்

முதலாவதாக, ஒரு லீற்றர் எதனோல் தரும் வெப்பம், ஒரு லீற்றர் பெற்றோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கேயாகும். ஆதலால், லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள், நூற்றுக்கு இருபது பங்கு எதனோல் கலந்தவிடத்து ஏறத்தாழ 37 கிலோமீற்றரே ஓடும்.

இரண்டாவதாக, ஒரு கிலோ பெற்றோல் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்றும், ஒரு கிலோ எதனோல் எரிவதற்கு 9 கிலோ காற்றும் தேவை. காபுறேற்றர் பூட்டிய இயந்திரம் இவ்வேறுபாட்டைத் தானாக உணர்ந்து சரிசெய்யாது. எரிபொருள் குறைந்தும் காற்று மிகுந்தும் செல்லவே, எஞ்சின் அதிகமாகச் சூடேறி வால்வும் பிஸ்டனும் கெடும்.

மூன்றாவதாக, எதனோல் நீரை ஈர்க்கும். நூற்றுக்குப் பத்துப் பங்கு எதனோல் கொண்ட ஒரு லீற்றர் கலவை, ஏறத்தாழ 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி நீரையே தாங்கும். அதற்கு மேற்படின் நீரும் மதுசாரமும் ஒன்றுசேர்ந்து தாங்கியின் அடியில் தங்கிவிடும். குளிர் மிகுந்தால் இதனிலும் குறைந்த நீரே பிரிவினை உண்டாக்கப் போதுமானது.

நான்காவதாக, எதனோல் பழைய இறப்பர்க் குழாய்களை ஊதச்செய்து வெடிக்கவைக்கும். அலுமினியம், நாகம் ஆகிய உலோகப் பாகங்களை அரிக்கும். பழைய தாங்கியிற் படிந்துள்ள அழுக்கைக் கரைத்து வடிகட்டியை அடைக்கும்.

ஐந்தாவதாக, தூய எதனோல் ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே தீப்பற்றத்தக்க ஆவியைப் போதியளவு தராது. அப்புத்தளை, தியத்தலாவை முதலிய உயர்நிலங்களில் மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர் அவ்வளவுக்கு இறங்குவதுண்டு. அவ்வேளைகளில் எதனோல் மிகுந்த கலவையால் எஞ்சினை இயக்குதல் கடினம்.

இயந்திரத்தை ஆராயும் முறை

1. இயந்திரம் எவ்வெரிபொருளுக்கு உரியது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரு சக்கர உழவு இயந்திரங்களும் சிறிய லொறிகளும் பெரும்பாலும் டீசலில் இயங்குவன. டீசல் எஞ்சினில் எதனோல் தானாகத் தீப்பற்றாது. எரிபொருட் பம்பியின் மசகையும் குறைக்கும். ஆகவே, டீசலுடன் இதனைச் சேர்த்தலே ஆகாது. மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பிக்கும் இது ஏற்றதன்று.

2. பெற்றோல் இயந்திரமாயின், தாங்கி மூடியின் அருகிலும் கைநூலிலும் ஆங்கில 'ஈ' எழுத்துடன் 5, 10, 20, 85 ஆகிய எண்களுள் ஒன்று குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். நூற்றுக்கு எத்தனை பங்கு எதனோல் வரை அவ்வியந்திரம் தாங்கும் என்பதை அவ்வெண் காட்டும். குறிப்பு எதுவுமின்றேல், அது எதனோலுக்கென ஆக்கப்படவில்லை என்றே கொள்ளுதல் நன்று.

3. ஆக்கப்பட்ட ஆண்டையும் நோக்குதல் வேண்டும். இருபது பங்கு எதனோலைத் தாங்கும் பாகங்கள் இந்திய வாகனங்களில் 2023 ஏப்ரல் முதற்கொண்டே பொதுவாகப் பொருத்தப்பட்டன. இலங்கையில் 2020 மார்ச்சு தொடக்கம் வாகன இறக்குமதி பல ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்தமையால், இங்குள்ள மோட்டார் சைக்கிள்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவையே. ஏற்றுமதிக்கான வகைகள் வேறுபடக்கூடுமாதலின், ஆண்டை மட்டும் நம்பாது கைநூலையும் பார்த்தல் அவசியம்.

4. விசைத் தெளிகருவி, புல்வெட்டி முதலியவற்றிற் பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றப்படும் வகைகள் உள. இவற்றில் நீர் பிரியுமாயின், எண்ணெய் மேலேயுள்ள பெற்றோலுடன் நின்றுவிட, மசகற்ற அடித்திரவமே எஞ்சினுட் செல்லும். சிறிது நேரத்தில் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். ஆதலால் இக்கருவிகளில் மிக்க அவதானம் தேவை.

பெற்றோலைச் சோதித்தல்

வாங்கிய பெற்றோலில் எதனோல் உண்டா என்பதை எளிதிற் கண்டறியலாம். அளவுக்கோடிட்ட ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலீற்றர் நீரும் 90 மில்லிலீற்றர் பெற்றோலும் ஊற்றி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் அசையாது வைத்தல் வேண்டும். அடியிலுள்ள நீர்ப்படை 10 மில்லிலீற்றராகவே நிற்பின் எதனோல் இல்லை. அது 19 மில்லிலீற்றர் வரை உயர்ந்திருப்பின், பெற்றோலில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு எதனோல் உண்டு. இச்சோதனையைத் திறந்த வெளியில், அடுப்பு, பீடி, விளக்கு ஆகியவற்றுக்கு அப்பாற் செய்தல் வேண்டும். சோதித்த பெற்றோலை மீண்டும் தாங்கியில் ஊற்றலாகாது.

செய்யத்தகாதன

சாதாரணமாக வடித்தெடுக்கும் மதுசாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு நீர் எஞ்சியிருக்கும். அதனைப் பெற்றோலுடன் பத்துக்கு ஒன்றாகக் கலந்தால், லீற்றருக்கு நாலைந்து மில்லிலீற்றர் நீர் சேர்ந்து, கலவை பிரியும் எல்லையிலேயே நிற்கும். மலைநாட்டு இரவுக் குளிரில் அது பிரிந்துவிடலாம். ஆலைகள் வாகனக் கலவைக்கு நூற்றுக்கு 99.5 பங்கு தூய்மையான, நீர் நீக்கிய எதனோலையே பயன்படுத்துவது இதனாலேயே. ஆகவே, வீட்டிற் கலந்து பார்த்தல் தகாது. அனுமதிப்பத்திரமின்றி மதுசாரம் வடித்தல் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும்.

எதனோல் கலந்த பெற்றோலை ஏற்கும் இயந்திரத்திலும், வேலையற்ற காலத்தில் அதனைத் தாங்கியில் மாதக்கணக்கில் விட்டுவைத்தலாகாது. போகம் முடிந்ததும் நீர்ப்பம்பியின் தாங்கியையும் காபுறேற்றரையும் வெறுமையாக்கி வைப்பின், அடுத்த போகத்தின் முதல் நாளிலேயே அது தடையின்றி இயங்கும். புதிதாக மோட்டார் சைக்கிளோ நீர்ப்பம்பியோ வாங்கும் கமக்காரர், விலையை வினவும்போதே எத்தனை பங்கு எதனோலை அது தாங்கும் என்பதையும் வினவி, கைநூலைக் கேட்டு வாங்கிக்கொள்வாராக.