கட்டத்துள் அமையும் எழுத்து

கண்டி மாவட்டத்துத் தும்பறைப் பகுதியில் நெய்யப்படும் பாய்கள் புகழ்பெற்றவை. ஹண என்று சிங்களத்தில் வழங்கும் செடியின் நாரே அவற்றுக்கு மூலப்பொருள். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைவினையை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. இப்பாய்களில் விலங்கும் பறவையும் பூவும் உருப்பெறுகின்றன. பாவும் ஊடும் குறுக்கிடும் இடங்களே அவ்வுருக்களின் அலகுகள். வளைவு வேண்டுமிடத்து நெசவாளர் படிபடியாக இழை விலக்கிச் செல்வர்; காண்போர் கண் அப்படிகளை இணைத்து வளைவாகக் கொள்ளும்.

கணினியின் பழைய எழுத்துருக்களும் இந்நெறியினவே. திரை பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களால் ஆயது. எட்டு வரிசையும் எட்டு நிரையும் கொண்ட கட்டத்தில் 64 பிக்சல்கள் உள. அவற்றுள் எவை ஒளிர்வன என்பதைக் குறித்துவைக்க எட்டு பைட்டு நினைவகம் போதும். நினைவகம் அரிதாயிருந்த நாளில் இச்சிக்கனம் இன்றியமையாததாயிற்று. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் அம்மையார் இம்முறையில் எழுத்துருக்கள் பலவற்றை அமைத்தார்.

இன்று அந்நெருக்கடி இல்லை. எனினும், பழமையின் சாயல் கருதி விளையாட்டுத் திரைகளிலும் சுவரொட்டிகளிலும் தலைப்புகளிலும் அவ்வடிவம் விரும்பி ஆளப்படுகின்றது. நெடிய உரைக்கு அது பொருந்தாது. படிக்கட்டுப் போன்ற விளிம்புகள் கண்ணை விரைவில் அயர்விக்கும். எட்டு பிக்சல் உயரத்தில் வரைந்த எழுத்தை 16, 24 என முழு மடங்காகவே பெருக்குதல் வேண்டும். இடைப்பட்ட அளவுகளில் கோடுகள் தடிப்பும் மெலிவுமாகச் சிதையும்.

தமிழுக்கு இங்கே ஒரு தனி இடர் உண்டு. ஆங்கில எழுத்துகளுக்கு ஐந்து நிரையும் ஏழு வரிசையும் கொண்ட கட்டம் பெரும்பாலும் போதும். ஐந்து நிரைகளில் இடைவெளி விட்டு நிறுத்தக்கூடிய நெடுங்கோடுகள் மூன்றே. ணகரத்தின் சுழிகளுக்கு அவை போதா. சுழியொன்று குறையின் ணகரம் னகரமாகும், மணம் மனமாகும். மெய்யின் தலையிலுள்ள புள்ளியோ ஒரு பிக்சல் அளவினது. அது மறையின் பல் என்பது பல என்றாகும். கொம்பின் சுழி மழுங்கின் வேட்டி வெட்டியாகும். புள்ளிக்கு ஒரு வரிசையும், அஃது எழுத்தோடு ஒட்டாதிருக்க மற்றொரு வரிசையும் மேலே வேண்டும். உகரக் குறிக்குக் கீழேயும் இடம் வேண்டும்.

கண்டி என்னும் பெயரையே காண்க. மூன்றெழுத்துச் சொல்லாயினும், ணகரச் சுழியும் அதன் புள்ளியும் இகரக் கொக்கியும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பலகையில் நிற்க வேண்டிய இந்நகரில், ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்திலே தமிழைத் திணிப்பின், தமிழ் மட்டும் அறிந்த பயணியே இடர்ப்படுவார்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. 1998இல் ரோமன் சிபோரா தொடங்கிய யூனிஃபாண்ட் என்னும் எழுத்துரு, 16 பிக்சல் உயரத்தையும், எழுத்துக்கேற்ப எட்டு அல்லது 16 பிக்சல் அகலத்தையும் கொண்டது. தமிழும் அதில் இடம்பெற்றுள்ளது. ஆதலின், பிக்சல் வடிவில் தமிழை அமைக்கப் புகுவோர் முதலில் ணகரத்தையும் புள்ளியையும் வரைந்து பார்த்து, அவை தெளிவுற நிற்கும் கட்டத்தையே ஏனை எழுத்துகளுக்கும் அளவாகக் கொள்வது தக்கது. நெய்யும் உருவுக்கு வேண்டும் இழைகளை முன்னரே எண்ணிக்கொள்ளும் தும்பறை நெசவாளரின் முறையும் இதுவே.