அகதி என்று எழுதப்படாத அடைக்கலம்

உக்ரைனிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குத் தப்பி வந்தவர்களைச் செய்தித்தாள்கள் அகதிகள் என்றே குறிப்பிடுகின்றன. அவர்கள் கையிலிருக்கும் அட்டையில் பெரும்பாலும் அந்தச் சொல் இருக்காது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி புகலிடம் கேட்பவர், தமக்கு நேரக்கூடிய துன்புறுத்தலைத் தனி ஆளாக நிறுவ வேண்டும். மனு, நேர்காணல், நிராகரிப்பு, மேல்முறையீடு என்று ஆண்டுகள் கரையும். 1980களில் சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போன ஈழத் தமிழர் பலருக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமானது. உக்ரேனியர்களுக்குக் கிடைத்தது வேறொன்று. அதன் பெயர் ‘தற்காலிகப் பாதுகாப்பு’.

யூகோஸ்லாவியா சிதறிய 1990களில் போஸ்னியாவிலிருந்தும் கொசோவோவிலிருந்தும் மக்கள் திரளாக வந்தபோது, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து முடிக்க முடியாமல் ஐரோப்பிய நாடுகள் திணறின. அதன் விளைவாக ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் ஒரு சட்டம் இயற்றியது: பெருங்கூட்டமாக வருவோரை விசாரணையின்றி, ஒரு குழுவாகவே ஏற்றுக்கொள்ளலாம். பிறகு இருபது ஆண்டுகள் அந்தச் சட்டம் அலமாரியில் தூங்கியது. 2015இல் சிரியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் வந்தபோதும் யாரும் அதை எடுக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. எட்டே நாளில், மார்ச் 4 அன்று, அது முதன்முறையாக உயிர் பெற்றது. சட்டம் போதாமல் இருந்ததில்லை, மனம்தான் வேண்டியிருந்தது என்று சிரியர்கள் சொன்னால் மறுப்பது கடினம்.

போர் தொடங்கும் வரை உக்ரைனில் வசித்த அந்நாட்டுக் குடிமக்கள், அங்கே ஏற்கெனவே அகதித் தகுதி பெற்றிருந்த வெளிநாட்டவர், இவ்விரு சாராரின் குடும்பத்தினர் ஆகியோருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. உக்ரைனில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற்று, சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாத பிறநாட்டவருக்கும் இதுவோ, இதற்கு ஈடான உள்நாட்டுப் பாதுகாப்போ தரப்பட வேண்டும். படிக்கப் போனவர்களைச் சேர்ப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். தமிழகம் உட்பட இந்தியாவிலிருந்து போயிருந்த மருத்துவ மாணவர்கள் அதே எல்லைகளைத்தான் நடந்து கடந்தார்கள். அவர்களுக்குக் காத்திருந்தது ஊர் திரும்பும் விமானம். ‘ஆபரேஷன் கங்கா’ என்ற மீட்பு நடவடிக்கை வழியே சுமார் 18,000 இந்தியர்கள் அழைத்துவரப்பட்டனர்.

போர்க்காலச் சட்டம் 18 முதல் 60 வயது வரையிலான ஆண்களில் பெரும்பாலோரை நாட்டைவிட்டு வெளியேற விடவில்லை. 2025 ஆகஸ்டில்தான் 22 வயது வரையுள்ள இளைஞர்களுக்குத் தடை தளர்ந்தது. எனவே எல்லை கடந்தவர்களில் மிகப் பலர் பிள்ளைகளோடு வந்த பெண்கள். போலந்தில் அவர்கள் முதலில் பெற வேண்டியது ‘பெசெல்’ என்னும் அடையாள எண். நகராட்சி அலுவலகத்தில் விரல் ரேகை கொடுத்து அதை வாங்கிவிட்டால் வேலை, மருத்துவம், குழந்தைகள் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அதுவே சாவியாக இருந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு 300 ஸ்லாட்டி கைச்செலவுக்குக் கொடுத்தார்கள். தங்கள் வீட்டில் இடம் கொடுத்த போலந்துக் குடும்பங்களுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு 40 ஸ்லாட்டி அரசு தந்தது. ஒரு கண்டிப்பும் உண்டு: முப்பது நாளுக்கு மேல் போலந்தைவிட்டு வெளியே இருந்தால் பாதுகாப்புத் தகுதி போய்விடும். முதிய பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போகிறவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டே போகவேண்டியிருந்தது.

ஒன்றியத்துக்குள் இப்பாதுகாப்பைப் பெற்றவர்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல். பத்து லட்சத்தைத் தாண்டி அதிகம் பேர் இருப்பது ஜெர்மனியில். அங்கே 2022 ஜூன் முதல் இவர்கள் புகலிடம் கேட்போருக்கான குறைந்த உதவியிலிருந்து, வேலையற்ற ஜெர்மானியர் பெறும் அதே உதவிக்கு மாற்றப்பட்டார்கள். 2024இல் தனியாளுக்கு அது மாதம் 563 யூரோ. நியாயமான வாடகையும் மருத்துவக் காப்பீடும் தனி. பதிலுக்கு வேலை தேட வேண்டும், மொழி கற்க வேண்டும். ஒருங்கிணைப்பு வகுப்பில் வழக்கமாக 600 பாடவேளை ஜெர்மன் மொழி, 100 பாடவேளை நாட்டின் சட்டமும் வரலாறும். இந்தத் தாராளம் பின்னாளில் அரசியல் சர்ச்சையானது வேறு கதை.

வேலை செய்ய முதல் நாளிலிருந்தே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் உரிமை இருப்பதும் உரிய வேலை கிடைப்பதும் ஒன்றல்ல. மொழி வராததாலும், பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்கத் தாமதமாவதாலும், ஆசிரியையாகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள் விடுதி அறைகளைச் சுத்தம் செய்யப் போனார்கள். பிள்ளைகள் பலர் பகலில் உள்ளூர்ப் பள்ளிக்கும், மாலையில் இணையவழி உக்ரைன் பள்ளிக்குமாக இரட்டைப் படிப்புப் படித்தார்கள்.

ஒன்றியத்துக்கு வெளியே ஏற்பாடுகள் வேறு. பிரிட்டன் ‘உக்ரைனுக்கு வீடுகள்’ திட்டத்தில் பொதுமக்களையே புரவலர்களாக்கி, வீட்டில் இடம் தருவோருக்கு மாதம் 350 பவுண்டு நன்றித்தொகை வழங்கியது. கனடா மூன்றாண்டு வரை தங்கவும் வேலை செய்யவும் அனுமதி தந்து, பெரியவருக்கு 3,000, சிறுவருக்கு 1,500 கனடிய டாலர் ஒருமுறை கொடுத்தது. புதிய விண்ணப்பங்களை 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. சுவிட்சர்லாந்து, தான் அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தாத ‘எஸ்’ என்னும் பாதுகாப்புத் தகுதியை 2022 மார்ச் 12 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

விரைவாகக் கிடைத்த இந்தப் பாதுகாப்பில் குறைவது காலம்தான். ஒன்றியம் ஓராண்டு ஓராண்டாக நீட்டித்து, இப்போது 2027 மார்ச் 4 வரை கொண்டுவந்திருக்கிறது. அதன்பின் தங்க விரும்புவோர் வேலை, படிப்பு, குடும்பம் என்று வேறு அனுமதிக்கு மாறும்படி 2025 செப்டம்பரில் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. செக் குடியரசு, சொந்த வருமானத்தில் வாழ்வோருக்கு ஐந்தாண்டுத் தனி அனுமதி வழங்குகிறது. தனியே புகலிட மனு போடவும் எவருக்கும் தடையில்லை; ஆனால் அது பழைய நீண்ட வரிசை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீண்டகாலக் குடியிருப்பாளர் என்ற தகுதியைப் பெற ஐந்தாண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். 2022 மார்ச்சில் வந்தவருக்கு 2027 மார்ச்சில் சரியாக ஐந்தாண்டு நிறையும். தற்காலிகப் பாதுகாப்பில் வாழ்ந்த காலத்தை அந்தத் தகுதிக்கான சட்டம் கணக்கில் சேர்ப்பதில்லை.