மணலில் உடம்பு துவட்டும் பிராணி

மார்கழியில் கிணற்றில் குதித்து நீந்தியவர்களுக்குத் தெரியும். முதலில் வெதுவெதுவென்று இருக்கும் தண்ணீர் அரை மணி நேரத்தில் பல்லைத் தந்தியடிக்க வைத்துவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கரையில் நிற்கும்போது மெதுவாகப் போகிற உடம்புச் சூட்டை அது வாரிக்கொண்டு போய்விடும். அதனால் சூடான இரத்தம் உள்ள எந்தப் பிராணியும் தண்ணீரில் பிழைக்க வேண்டுமானால், மீன் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் குளிருக்கு ஒரு வழி பார்த்தாக வேண்டும். திமிங்கிலமும் சீலும் தோலுக்கு அடியில் கனத்த கொழுப்பைப் போர்த்திக்கொண்டன. நீர்நாய்க்கு அந்த மெத்தை கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் உரோமம்தான்.

அந்த உரோமம் இரண்டு அடுக்கு. மேலே சற்று நீண்ட, விறைப்பான காவல்முடி. அடியில் பஞ்சு போன்ற குறுமுடி. குறுமுடியின் ஒவ்வொரு இழையிலும் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு இடையில் காற்றைச் சிறைபிடிக்கின்றன. மணிக்கணக்கில் முங்கினாலும் தோல் நனைவதில்லை; தண்ணீரில் இருப்பது நீர்நாய், தோலைத் தொட்டுக்கொண்டிருப்பது காற்று. வட பசிபிக்கின் குளிர்கடலில் வாழும் கடல் நீர்நாய்தான் இந்தக் கலையில் உச்சம். அதன் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்றரை லட்சம் முடி வரை இருக்கும். நம் தலை முழுவதையும் எண்ணினாலே ஏறக்குறைய ஒரு லட்சம்தான் தேறும், அதுவும் இளமையில்.

ஆனால் இந்தச் சட்டைக்குப் பராமரிப்பு அதிகம். அழுக்கோ எண்ணெயோ படிந்தால் கொக்கிகள் விட்டுப்போகும், காற்று வெளியேறும், குளிர் உள்ளே வரும். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டஸ் கப்பல் தரைதட்டிக் கச்சா எண்ணெய் கொட்டியபோது ஆயிரக்கணக்கான கடல் நீர்நாய்கள் செத்தன. குளிரில் விறைத்துப் போனவை அவற்றில் ஏராளம். அதனால்தான் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை நீர்நாய் தன்னைக் கோதிக்கொள்வதிலேயே கழிக்கிறது. பார்ப்பவர்கள் அதை விளையாட்டு என்கிறார்கள். விளையாட்டும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல நேரம் அது துணி துவைத்துக்கொண்டிருக்கிறது.

பெயரில் நாய் இருந்தாலும் இது நாய்க் குடும்பம் அல்ல. முகம் கீரியை நினைவூட்டும்; கீரியும் அல்ல. நீலகிரி மார்ட்டெனும் இமயத்தின் மரவெருகுகளும் சேர்ந்த குடும்பம் இது. உலகில் பதின்மூன்று இனம் என்பது நெடுநாள் கணக்கு. அவற்றில் மூன்று இந்தியாவில் இருக்கின்றன, மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உண்டு. மலையோடைகளில் நண்டு தேடும் சிறுநக நீர்நாய் உலகிலேயே சிறியது, ஐந்து கிலோவைத் தாண்டாது. நகம் பெயருக்குத்தான், அதனால் விரல் நுனிகளால் கல்லிடுக்கில் துழாவி, கண்ணால் பார்க்காமலே நண்டை எடுத்துவிடும். இரண்டாவது யூரேசிய நீர்நாய். ஐரோப்பாவிலிருந்து இலங்கை வரை பரவிய இந்த இனம்தான் இலங்கையின் ஒரே நீர்நாய். தமிழ்நாட்டின் ஆனைமலையில் இது இருப்பது 2018இல்தான் ஆய்வேட்டில் பதிவானது. இரவில் தனியாகத் திரியும் சுபாவம் அப்படி.

மூன்றாவது, காவிரியிலும் மோயாற்றிலும் நாம் பார்க்கக் கூடியது: மழமழப்பான உரோமம் கொண்ட ஆற்று நீர்நாய். தென்கிழக்கு ஆசியாவின் நீர்நாய்களில் இதுதான் பெரியது. ஏழு முதல் பதினொரு கிலோ. காவல்முடி ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. நனைந்தால் உடம்போடு ஒட்டி, எண்ணெய் தடவிச் சீவியது போல் மின்னும். விரல்களுக்கு இடையே சவ்வு, அடியில் தட்டையான வால், தண்ணீருக்குள் போனதும் மூடிக்கொள்ளும் காதும் மூக்கும். கலங்கல் தண்ணீரில் கண் உதவாதபோது மீசைமுடி வேலை செய்கிறது. தப்பி ஓடும் மீன் கிளப்பும் நீரசைவை அது உணர்ந்துவிடும்.

இந்த இனம் தனியாக வாழாது. தாய், தகப்பன், மூத்த ஈற்றுப் பிள்ளைகள், இந்த வருடக் குட்டிகள் என்று கூட்டுக் குடும்பம். மீன் பிடிப்பதும் கூட்டாகத்தான். சில சமயம் ஆங்கில வி எழுத்துபோல அணிவகுத்து, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி மீனை நெருக்குவார்கள். (பிராணிக்கு ‘வார்கள்’ விகுதி தகாதுதான். ஒரு குடும்பம் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் மன்னித்துவிடுவார்கள்.) சினைக்காலம் இரண்டு மாதம். ஓர் ஈற்றில் ஐந்து வரை குட்டிகள், கண் திறக்கப் பத்து நாள். வேடிக்கை என்னவென்றால், நீர்நாய்க் குட்டிக்கு முதலில் தண்ணீர் என்றால் பயம். தாய் அதைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்த்தான் நீச்சல் பழக்குகிறது.

இந்தக் குடும்பத்துக்கு ஆற்றில் மூன்று இடங்கள் வேண்டும். கோடையிலும் வற்றாத மடு, மீனுக்கு. கரையில் பாறையிடுக்கோ, நாணலும் வேரும் பின்னிய மறைவோ, குட்டிக்கு. மூன்றாவது மணல்திட்டு. ஆற்றை விட்டு ஏறியதும் நீர்நாய் செய்யும் முதல் வேலை மணலில் விழுந்து புரள்வது. முதுகைத் தேய்க்கும், கழுத்தைத் தேய்க்கும், எழுந்து உதறும், மறுபடி புரளும். முடியில் தங்கிய ஈரத்தை மணல் உறிஞ்சிக்கொள்கிறது. குறுமுடி மறுபடி நிமிர்ந்து காற்றைப் பிடிக்கிறது. நமக்குத் துண்டு எப்படியோ அப்படி அதற்கு மணல். அங்கேயே எச்சமிட்டு, ‘இது எங்கள் துறை’ என்று அக்கம்பக்கத்துக்கு எழுதியும் வைக்கும். செதிலும் முள்ளும் கலந்து கவிச்சியடிக்கும் அந்த எச்சம்தான், நீர்நாயைக் கண்ணால் காணாத ஆய்வாளருக்குக் கிடைக்கும் கடிதம்.

கவிச்சி என்றதும் ஓரம்போகியார் நினைவுக்கு வருகிறார். ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களைப் பாடிய அவர், வாளை மீனை வேட்டையாடும் நீர்நாயைச் சொன்னதோடு, அதன் மேல் வீசும் புலால் நாற்றத்தையும் விடவில்லை. குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் இதே நீர்நாய், இதே வாளை. கவனிக்க வேண்டியது திணை. குறிஞ்சியில் அல்ல, மருதத்தில் வருகிறது. வயலும் பொய்கையும் உள்ள ஊர்ப்புறத்தில். காட்டுக்குள் போய்த் தேட வேண்டிய பிராணியாக அது அன்றைக்கு இருக்கவில்லை.

குளிரைத் தாங்க உரோமம் மட்டும் போதாது, உள்ளே அடுப்பும் எரிய வேண்டும். கடல் நீர்நாய் தன் எடையில் கால் பங்கைத் தினமும் தின்கிறது. ஆற்று வாசிகளுக்குப் பசி அதைவிடக் குறைவு. யூரேசிய நீர்நாய்க்கு எடையில் ஏழில் ஒரு பங்கு போதும். அதுவும் மீன்காரருக்கு எரிச்சல் மூட்டப் போதுமானதுதான். வலையில் சிக்கிய மீனைத் தின்பதோடு வலையையும் கிழித்துவிட்டுப் போகும். இரவெல்லாம் காத்திருந்து காலையில் பொத்தல் வலையைத் தூக்குகிறவரிடம் பல்லுயிர்ப் பெருக்கம் பற்றிப் பேசுவது எளிதல்ல, பேசவும் கூடாது. ஆனால் வங்கதேசத்தின் நடாய்ல் பகுதி மீனவர்கள் இந்தச் சண்டையை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். இதே இன நீர்நாய்களை வளர்த்து, மூங்கிலில் கயிறு பூட்டிப் படகோரம் நீந்தவிட்டு, மீனை வலைக்குள் விரட்ட வைக்கிறார்கள். குட்டிகளுக்குக் கயிறு இல்லை. தாயை விட்டு எங்கே போகும்? தலைமுறை தலைமுறையாக வந்த அந்தத் தொழில் மீன் குறையக் குறையத் தேய்ந்துகொண்டு வருகிறது.

நீர்நாயைக் காப்பாற்றிய அதே உரோமம்தான் அதைக் கொன்றது. 1741இல் பெரிங் என்ற கடலோடியின் ரஷ்யக் கப்பல் வட பசிபிக் தீவொன்றில் தரைதட்டியது. பிழைத்து ஊர் திரும்பியவர்கள் கையில் கடல் நீர்நாய்த் தோல்கள் இருந்தன. அதற்குப் பிறகு நடந்தது சூறை. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்த இனம், 1911இல் பன்னாட்டு ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது ஓரிரண்டாயிரமாகச் சுருங்கியிருந்தது. நம் பக்கத்து ஆறுகளும் தப்பவில்லை. புலித்தோல் கடத்தியவர்களின் மூட்டையில் நீர்நாய்த் தோலும் சேர்ந்தே போனது. 2003 அக்டோபரில் திபெத்தின் சங்சங்கில் ஒரே லாரியில் பிடிபட்டவை: புலித்தோல் 31, சிறுத்தைத்தோல் 581, நீர்நாய்த்தோல் 778. திபெத்தியர்களின் சூபா என்னும் அங்கிக்குக் கரை வைக்கத்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி. 2006 ஜனவரியில் ஆந்திரத்தின் அமராவதியில் நடந்த காலச்சக்கர விழாவில் தலாய் லாமா, இந்தத் தோல்களை உடுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் திபெத்தில் மக்கள் தங்கள் விலையுயர்ந்த அங்கிகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். எந்தச் சட்டமும் அவ்வளவு வேகமாக வேலை செய்ததாக நான் படித்ததில்லை.

இன்று தோலைவிடப் பெரிய ஆபத்து ஆற்றுக்கே வந்திருக்கிறது. மணல் அள்ளினால் துண்டு போகிறது. தோட்டா வெடித்து மீன் பிடித்தால் மடுவே காலியாகிறது. குஞ்சு, பெரிசு என்று பார்க்காது வெடி. பூச்சிமருந்து என்ன செய்யும் என்பதை இங்கிலாந்து பார்த்திருக்கிறது. 1950களில் டீல்டிரின் போன்ற மருந்துகள் ஆற்றில் கலக்கத் தொடங்கியபின் அங்கே நீர்நாய் பெரும்பாலான இடங்களில் அற்றுப்போனது. மருந்தைத் தடைசெய்து, எல்லா மாவட்டங்களுக்கும் அது திரும்பிவந்து சேர 2011 ஆயிற்று. சிங்கப்பூரிலும் அப்படித்தான். 1977 முதல் பத்தாண்டு ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1990களின் இறுதியில் நம் காவிரி இனமே அங்கே குடியேறியது. இப்போது அடுக்குமாடிக் குளங்களில் விலையுயர்ந்த கோய் மீன்களைத் தின்று, சிலரின் சாபத்தையும் பலரின் செல்லத்தையும் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது.

கர்நாடகம் 2015இல் துங்கபத்திரையின் ஒரு பகுதியை நீர்நாய்க்கான பாதுகாப்பிடமாக அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். தமிழ்நாடு 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரில் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தது. அங்கே காக்கப்படும் உயிர்களில் ஆற்று நீர்நாயும் ஒன்று. காப்பகத்துக்குக் கீழே, சமவெளியில் ஓடும் ஆற்றுக்குத்தான் இன்னும் கேட்பாரில்லை.

கைபேசியில் தொப்பி போட்ட நீர்நாய்க் குட்டி வந்தால், ‘ஒன்று வளர்த்தால் என்ன’ என்று எழுதி அனுப்பாதீர்கள். அந்த ஆசையால் குட்டிகள் களவு போவதைப் பார்த்துத்தான் 2019இல் ஆற்று நீர்நாய், சிறுநக நீர்நாய் இரண்டின் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டது. நம் நாட்டில் வளர்ப்பது குற்றம். அடுத்த முறை காவிரிக் கரையில் சோறாக்கித் தின்னப் போகும்போது மணல்திட்டைக் கொஞ்சம் பாருங்கள். செதில் கலந்த எச்சமும், புரண்ட தடமும், ஐந்து விரல் பதிந்த ஈரக் காலடியும் இருந்தால் அது ஒரு குடும்பம் துவட்டிக்கொள்ளும் இடம். பாத்திரத்தை அங்கே இறக்காமல் அடுத்த துறைக்குப் போய்விடுங்கள்.